ஏழாவது ஆதாரம்

நான் சொல்லுகிற வரிசையிலேயே எழுதுங்கள் அம்மா. வரிசை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவேன், உங்களுக்குத்தான் நேரம் போகும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை, சுவரோரம் சாய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிற்றா?

ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, சித்திரை மாதம். என் தகப்பனார் சுடலைமாடன் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது அளத்திலேயே விழுந்தார். தண்ணீர் கேட்டார். குடிதண்ணீர்ப் பீப்பாய்க்கு முதலாளி பூட்டுப் போட்டு வைத்திருந்தார். சாவி வந்தது. தகப்பனார் உயிரோடு இல்லை.

இரண்டு. எழுபத்தொன்பது. உப்பளத்து வெயில் இருக்கிறதே, அது மேலிருந்து மட்டும் அடிக்காது, கீழே உப்பிலிருந்தும் அடிக்கும். நாற்பது வயதில் கண் போய்விடும். கறுப்புக் கண்ணாடி கேட்டு நாற்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். கொடுத்தார்கள், பத்துப் பேருக்கு ஒரு கண்ணாடி. 'பத்துப் பேருக்கு இருபது கண். முதலாளி கணக்கில் மட்டும் அது இரண்டு' என்று துண்டறிக்கை அடித்தோம். அந்த வரி நான் எழுதியது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது.

மூன்று. எண்பத்து நான்கு. பொய் வழக்கு, பத்தொன்பது நாள் சிறை. உப்பு அம்பாரத்துக்குத் தீ வைத்தேன் என்று குற்றச்சாட்டு. உப்பு எரியுமா அம்மா? நீதிபதியே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு அடுத்த வாய்தா போட்டார்.

நான்கு. தொண்ணூற்றொன்று. இரண்டாவது வேலைநிறுத்தம். பதினெட்டாம் நாள் என் உடன்பிறந்த தம்பி சோலையப்பன் பின்பக்கமாக அளத்துக்குள் இறங்கி வேலைக்குப் போனான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான். எல்லார் வீட்டிலும்தான் பிள்ளைகள் இருந்தன. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். துரோகம் செய்தவன் பெயரை நாங்கள் துண்டறிக்கையில் அடிப்பதில்லை. கொடிக்கம்பத்தடியில் சாட்சிகளை நிற்கவைத்து, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சத்தமாக வாசிப்போம். அவ்வளவுதான், அடி உதை கிடையாது. ஆனால் பெயர் வாசிக்கப்பட்டவனோடு ஒரு வருடம் யாரும் பேசக்கூடாது. வீட்டில் உள்ளவர்களும் பேசக்கூடாது. என் வாழ்நாளில் பதினொரு பெயர் வாசித்திருக்கிறேன். நான்காவது என் தம்பி பெயர். ஆறு மாதத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டான். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்க முடியாதே, பேசக்கூடாதல்லவா.

ஐந்து. இரண்டாயிரத்து மூன்று. என் மனைவி கனியம்மாளை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு மணி நேரம் சாப்பிட்டார். நான் வழக்குப் போட்டேன். எத்தனை மணிக்கு வந்தீர்கள், சீட்டு எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் சீட்டு இல்லை. ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் என் மனைவி இரண்டு மணி நேரம் காத்திருக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதமும் இனி வெளியே போகாது என்று.

ஆறு. இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி. என் மகள் விடுதலைச்செல்வியைப் பிரசவத்துக்குச் சேர்த்தோம். பதினோரு மணி நேரம் வலியோடு கிடந்தாள். பிறந்த பிள்ளை அழவில்லை.

ஏழு. அந்தப் பிள்ளைக்குச் செய்யவேண்டிய பார்வைப் பரிசோதனைக்குத் தேதி சொல்லாமல் விட்டது.

இந்த ஏழாவதைப்பற்றி நான் கொடுத்த மனுவை விசாரிக்கத்தான் சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆறுவரைக்கும் பேனா மூடியைக் கழற்றவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரவாயில்லை. ஆறும் உண்மை. யார் வந்து கேட்டாலும் உண்மை.

அந்த அறிக்கையை மூடவேண்டாம். கடைசிப் பக்கத்தில் 'பொறுப்பானவர் பெயர்' என்று இருக்கிறது, அதற்கு நேராகக் கிராம சுகாதாரச் செவிலியர் ஜெபக்கனி என்று ஏற்கெனவே தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறீர்கள். முப்பது வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தவன் நான். தலைகீழாகவும் படிப்பேன், இடவலம் மாறி இருந்தாலும் படிப்பேன். நான் இதில் கையெழுத்துப் போட்டால் ஜெபக்கனிக்கு வேலை போகும். ஏற்கெனவே சஸ்பெண்டில்தான் இருக்கிறாள். போடாவிட்டால் என் மனு தள்ளுபடி. இதுதானே விஷயம்?

என் மனுவின் கடைசி வரியை நீங்கள் படித்திருப்பீர்கள். 'குற்றவாளியின் பெயர் பின்னர் தெரிவிக்கப்படும்.' அந்தப் பின்னர் இன்றைக்குத்தான். பெயர் தருகிறேன். முழுக்கக் கேட்ட பிறகு தருகிறேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். வாசல்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தோழர் அந்தோணி மிக்கேல். சாட்சிக்கு வரச்சொன்னேன். ஒரு காது கேட்காது அவருக்கு. மேடையில் என் பக்கத்திலேயே நின்று போன காது அது. தோழர், கேட்கிறதா? கேட்கிறதாம். உள்ளே இருப்பது செல்வி, பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் அவளையும் கூப்பிடுவேன்.

பிள்ளை அழவில்லை என்று சொன்னேனா? உடனே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது நாள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி வந்து சொன்னாள், "மூளைக்குப் போற பிராணவாயு கொஞ்ச நேரம் கொறஞ்சு போச்சுய்யா. இப்ப நல்லா இருக்கா. ஆனா இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்க விடாமப் பாக்கணும்." நான் கேட்டேன், "யார் தப்பு?" அவள், "அது இப்ப கேள்வி இல்லய்யா," என்றாள். எனக்கு அதுதான் கேள்வி. அவள் மிச்சம் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. செல்விக்குக் காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ். அவளுக்கும் ஏறவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். "இதுல எல்லாம் எழுதியிருக்கு, தொலைச்சிராதீங்க," என்றார்கள். யாரிடம் சொல்கிறார்கள்! பஸ்ஸில் வரும்போதே வாங்கிப் படித்தேன். 'பிறந்தவுடன் அழவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு.' டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி. இத்தனை வருடப் போராட்டத்தில் எதிராளி தன் கைப்பட எழுதிக் கொடுத்த ஒப்புதல் எனக்குக் கிடைத்ததே இல்லை. கனியம்மாளுக்குக் கிடைக்காத சீட்டு அவள் பேத்திக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கு மதியமே அந்த அட்டையை முழுநீள வெள்ளைத் தாளில் ஒட்டினேன். மேலே சிவப்பு மையில் 'ஆதாரம் 7' என்று எழுதினேன், என் ஆதாரப் பெட்டியில் அதற்கு முன் ஆறு காகிதங்கள் இருந்தன. ஒட்டியது சாதாரணப் பசை இல்லை, சுவரொட்டிப் பசை. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்டுக் கிண்டுவோம். பூச்சி அரிக்காது, மழைக்கு உரியாது. அதில் ஒட்டிய சுவரொட்டிகள் இன்னும் உப்பு ஆபீஸ் சுவரில் இருக்கின்றன, போகும்போது பாருங்கள்.

பிறகு வேலை தொடங்கினேன். இரண்டாயிரம் துண்டறிக்கை. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் தர்ணா. வீட்டில் ஒரு தீர்மானம் போட்டேன், நியாயம் கிடைக்கும்வரை இந்தக் குடும்பம் அந்த வாசலை மிதிக்காது என்று. வேலைநிறுத்தம் செய்கிறவன் அளத்துக்குள் இறங்குவானா? அது மாதிரித்தான். என் மகள் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, அவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டாள். "யப்பா, அந்த மஞ்ச அட்ட எங்க?"

"பத்திரமா இருக்கு தாயி."

"அதுல தேதி கீதி ஏதும் போட்டிருக்கா?"

"நான் படிச்சுட்டேன். ஒண்ணும் இல்ல. நீ பிள்ளையைப் பாரு."

ஒன்றரை மாதத்தில் ஜெபக்கனி வந்தாள். சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்றே பேசினாள். "அண்ணாச்சி, பாப்பாவுக்குக் கண்ணும் காதும் பாக்கணுமாம். கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

"எழுதிக் கொடு," என்றேன்.

"என்னத்த எழுத?"

"வரச் சொன்னது யார், எதற்கு, என்ன தேதி. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடு. வாய் வார்த்தையில் இந்த வீட்டில் எதுவும் நடக்காது."

"எனக்கேது அண்ணாச்சி முத்திரை? நான் வெறும் கிராம நர்சு." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சமாதானம் பேசி என்னை ஆஸ்பத்திரிக்குள் இழுக்கப் பார்க்கிறார்கள் என்று மிக்கேலிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார். எந்தக் காதில் கேட்டாரோ!

மூன்றாம் மாதம் மறுபடியும் வந்தாள். மறுபடியும் எழுதிக் கொடு என்றேன்.

அதற்கிடையில் எனக்கு ஒரு பெருமை. பிள்ளைக்கு ஆதிரை என்று பெயர் வைத்திருந்தாள் செல்வி. ஆதிரையைக் கூப்பிட்டால் பார்க்காது, கிலுகிலுப்பை ஆட்டினால் மூச்சடக்கிக் கேட்கும், ஆனால் பார்க்காது. ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் என் தோளில் கிடக்கிற இந்தச் சிவப்புத் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டினால் அந்தக் கண் மெதுவாக, கப்பல் திரும்புகிற மாதிரித் திரும்பும். துண்டு போகிற பக்கம் போகும். சங்க ஆபீஸிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினேன். "பாருங்கள், வேறு எதையும் பார்க்கமாட்டாள். சிவப்பை மட்டும் பார்ப்பாள். யார் பேத்தி?" எல்லாரும் கைதட்டினார்கள். தினமும் காட்டினேன். யார் வந்தாலும் காட்டினேன்.

செல்வி ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "எல்லாப் பிள்ளையும் பால் குடிக்கும்போது அம்மா மூஞ்சியப் பாக்குமாம்ப்பா. இவ என்னையப் பாக்கவே மாட்டேங்கா."

"உன்னைத்தான் வயிற்றுக்குள்ளேயே பத்து மாதம் பார்த்தாயிற்றே," என்றேன். நன்றாகத்தான் பேசுவேன் நான். அதில் குறையே கிடையாது.

நாலரை மாதத்தில் ஜெபக்கனி மூன்றாம் முறை வந்தாள். இந்த முறை கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள். கையில் சிவப்பு நூல்கண்டு ஒன்று, பந்து மாதிரிச் சுற்றியது. சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பிள்ளையை மடியில் போட்டு நூல்கண்டை நகர்த்தினாள். ஆதிரை பார்த்தாள். "பாத்தியா?" என்றேன். "எல்லாம் பாக்கா என் பேத்தி." ஜெபக்கனி நூல்கண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தன் முகத்தைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். சத்தம் போடவில்லை. இந்தப் பக்கம் அசைத்தாள், அந்தப் பக்கம் அசைத்தாள். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூஞ்சியப் பாக்கலையே அண்ணாச்சி."

நான் சொன்னேன், "உன் மூஞ்சியை எதுக்குப் பாக்கணும்? அதில் என்ன இருக்கு பாக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேல்கூடச் சிரித்தார். இல்லையா தோழர்? ஜெபக்கனி பிள்ளையைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "என்னைய என்ன வேண்ணாலும் சொல்லுங்க. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நாள் போகப் போகக் கஷ்டம்," என்றாள். அதன்பிறகு அவள் வரவில்லை. வராததை நான் ஒரு வெற்றியாக நினைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், வெற்றியாக நினைத்தேன்.

பதினான்காம் மாதம் செல்வி தீர்மானத்தை மீறினாள். அன்றைக்கு நான் ஒரு கூட்டத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். இருட்டறையில் வைத்துப் பார்த்தார்களாம், கறுப்புவெள்ளைக் கோடு போட்ட அட்டைகளைக் காட்டிப் பார்த்தார்களாம். அங்கே இருந்த பயிற்சிக்காரப் பெண் சொன்னாளாம்: "கண்ணுல ஒண்ணுமே கோளாறு இல்லம்மா. கண்ணு வாங்கி அனுப்புறதை மூளை எடுத்துப் பாக்கத் தெரியல. பளிச்சுனு ஒரு நிறம், அதுவும் அசைஞ்சாத்தான் தெரியும். மூஞ்சியெல்லாம் அவளுக்கு ஒரே குழப்பம்."

"எங்க அப்பா துண்டை மட்டும் பாப்பாளே?"

"அது என்ன நிறம்?"

"செவப்பு."

"அதாம்மா அறிகுறி," என்றாளாம் அவள்.

நான் ஊரைக் கூட்டிக் காட்டினேனே, கைதட்டினார்களே, அது.

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். "மூணு மாசத்துல வந்திருந்தீங்கன்னா..." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாளாம். செல்வி விடவில்லை. வந்திருந்தா என்ன, வந்திருந்தா என்ன என்று கேட்டிருக்கிறாள். "முழுசாச் சரியாயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா பிஞ்சு மூளை கத்துக்கிற வேகம் வேற. அந்த ஒரு வருசம் நமக்குக் கிடைச்சிருக்கும். இப்பவும் கத்துக்குவா. மெதுவா." பிறகு அவள் கேட்டாளாம், "பிள்ளை பெறந்து வீட்டுக்கு அனுப்பும்போது தேதி எதுவும் சொல்லலையா உங்களுக்கு?"

செல்வி வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "சொல்லியிருப்பாங்கப்பா. வாயால சொல்லியிருப்பாங்க. அட்டையில இருந்தா நீங்க பாத்திருப்பீங்க, நீங்க படிக்காத காகிதம் உண்டா? எனக்குத்தான் காய்ச்சல்ல மறந்து போச்சு." அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், நிறையப் பேரை ஆறுதல் சொல்லித் தேற்றியிருக்கிறேன். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார். எங்கேயோ கடலிலிருந்து போன் போட்டு, "ஒரு தேதியை ஞாபகம் வச்சிருக்க முடியலையா ஒனக்கு?" என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றாள்.

அதன்பிறகு ஒருநாள் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிள்ளையின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள், "அம்மா மறந்துட்டேன்டா. அம்மா மறந்துட்டேன்." பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எழுதியதுதான் அம்மா அந்த மனு. என் மகள் மறக்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை, அதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு அது. நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். கையால் எழுதியது, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

எட்டு மாதம் கழித்து, போன வாரத்துக்கு முந்தின வாரம், உங்கள் கடிதம் வந்தது. செவிலியர் ஜெபக்கனி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார் என்று முதல் பத்தி. ஜெயித்துவிட்டோம் என்று மிக்கேலிடம் சொன்னேன். வாசலில் நின்று கத்திச் சொன்னேன். இரண்டாம் பத்தியில், அசல் ஆவணங்களைக் காட்டவேண்டும், நகல்கள் இருபுறமும் எடுத்து வைக்கவேண்டும் என்று இருந்தது.

இருபுறமும்.

ஐம்பது வருடமாகக் காகிதத்தோடு வாழ்கிறவன் நான். துண்டறிக்கைக்கு ஒரு பக்கம்தான் அம்மா. சுவரொட்டிக்கும் ஒரு பக்கம்தான். பின்பக்கம் பசைக்கு.

ஈரத்துணியை ஆதாரம் ஏழின்மேல் போட்டுவைத்தேன். ஒரு மணி நேரம் ஊறவேண்டியிருந்தது. நல்ல பசை. ஓரத்தில் கத்தியை விட்டு உரித்தேன். அட்டையைத் திருப்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது எனக்கு. மை ஊறி வெள்ளைத் தாளில் இறங்கியிருந்தது, இடவலம் மாறி, அச்சுக்கோத்த மாதிரி. வேறு யாராக இருந்தாலும் கறை என்று நினைத்திருப்பார்கள். நான்தான் படிப்பேனே.

பார்வை மற்றும் கேள்திறன் பரிசோதனை. ஆறாவது வாரம், தேதி போட்டிருந்தது. மூன்றாம் மாதம், தேதி. ஆறாம் மாதம், தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், வந்தால் முத்திரை குத்துவதற்கு. கட்டம் மூன்றும் காலி. கீழே, டாக்டர் எழுத்து இல்லை, யாரோ நர்ஸ் எழுத்து, உருண்டை உருண்டையாக: 'குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை என்றால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வரவும்.'

நல்ல தமிழ். பிழையே இல்லை.

எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது என் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பத்திரமாக. ஜெபக்கனி எதை எழுதித் தரவில்லை என்று நான் அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பினேனோ, அதை.

நான் அட்டையை மறுபடி ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். பசைகூடக் காய்ச்சினேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி வந்து, "என்னப்பா, சுவரொட்டியா? இந்த வயசுல ஏணியில ஏறப் போறீங்களா?" என்று சிரித்தாள். அவள் நெற்றியைப் பார்த்தீர்களா அம்மா, நீங்கள் வரும்போது? பெரிய சிவப்புப் பொட்டு, ஒரு ரூபாய் அகலத்துக்கு. தெருவில் எல்லாரும் கேலி செய்கிறார்கள், சாமியாடப் போறியா என்று. அது பிள்ளைக்காக. முகம் எங்கே இருக்கிறது என்று அவள் கண்டுபிடிக்க அடையாளம் வேண்டுமாம். பயிற்சிக்காரப் பெண் சொல்லியது. சுவரில் கறுப்புச் சேலையைக் கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து, தினமும் காலையும் மாலையும் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருப்பாள். மூன்று மாதமாக. போன வியாழக்கிழமை ஆதிரை கையை நீட்டி அந்தப் பொட்டைத் தொட்டாள். தொட்டுவிட்டு அங்கேயே கையை வைத்திருந்தாள். செல்வி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள், மூச்சுவிட்டால் கை நழுவிவிடும் என்று.

பசையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன்.

இதோ அட்டை. முன்பக்கம். பின்பக்கம். இது வெள்ளைத் தாள், கறை இருக்கிறதே, அதுவும் ஆதாரம்தான், சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு எழுத்து என் கையெழுத்து. நிபுணரைக் கூப்பிடத் தேவையில்லை, ஊருக்கே தெரியும்.

அந்தப் பெயரை அடியுங்கள். ஒரே கோடாக அடியுங்கள், அடித்த இடத்தில் உங்கள் சுருக்கொப்பம் போடுங்கள். பக்கத்தில் நான் சொல்வதை எழுதுங்கள். எழுதியதை வாக்குமூலம் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? இதை நீங்கள் படிக்கவேண்டாம். இது எங்கள் சங்கத்து வேலை. நான் படிக்கிறேன்.

என்ன அம்மா, பேனாவை ஏன் கீழே வைக்கிறீர்கள்? மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்களா? சும்மா விட்டுவிடலாமா? ஜெபக்கனிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும், சரி. உள்ளே ஒருத்தி பத்து மாதமாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாளே, அவளை யார் இறக்குவது? எழுதுங்கள்.

தோழர் மிக்கேல், எழுந்து நில்லும். பெயர் வாசிக்கும்போது உட்காரக்கூடாது. நீர்தானே எனக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தது? இந்தக் காதைத் திருப்பும், நல்ல காதை.

செல்வி! தாயி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்படி வா. சாட்சி வேண்டியிருக்கிறது.

"வந்துட்டேன்ப்பா" என்கிறாள். கேட்டீர்களா அந்தக் குரலை? அப்பா ஜெயித்துவிட்டார், அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வருகிறாள்.

அங்கேயே நில் தாயி. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நில், பிள்ளை ஜன்னலைப் பார்க்கட்டும். சிரிக்காதே. நான் வாசிக்கப்போகிறேன். உனக்கு விதி தெரியும். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உன் சித்தப்பாவோடு பேசக்கூடாது என்று சொன்னேனே, நீயும் தெருவில் அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாயே, அதே விதி. ஒரு வருடம். அதற்கு மேலும் உனக்கு வேண்டுமென்றால் நீட்டிக்கொள், நான் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று. இதை வாசித்து முடித்த பிறகு நீ பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கக்கூடாது. அது இன்றோடு நிற்கவேண்டும்.

கொடுங்கள் அம்மா அந்தத் தாளை. கண்ணாடி வேண்டாம். தெரிகிறது.

சாட்சிகள் கேளுங்கள். குழந்தை ஆதிரைக்கு ஆறாவது வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் செய்திருக்கவேண்டிய பார்வைப் பரிசோதனையின் தேதிகள், எழுத்து மூலமாக, முறைப்படி, அவள் வீட்டில் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றை அவளுடைய தாய் மறக்கவில்லை. அவளுக்கு அவை காட்டப்படவில்லை. செவிலியர் ஜெபக்கனி மூன்று முறை நேரில் வந்து அழைத்தார். பரிசோதனை நடக்காமல் போனதற்குப் பொறுப்பானவர் பெயர்:

சுடலைமாடன் மகன் கொம்பையா.